ஒரு விநாடி மீதம்

பீல் நகரத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்,
தெருவுக்கு, ரயில் நிலையத்துக்கு, மழைக்கும்கூட.
எங்கள் அணிக்கு மட்டும் ஒன்றே: பாலான்சியே.
கைக்கடிகாரத்தின் வயிற்றுக்குள்
இடமும் வலமுமாய் ஆடிக்கொண்டே இருக்குமே,
அந்தச் சக்கரம்.

ஐம்பத்தேழில் அது அணியே அல்ல.
டயல் தீட்டும் பட்டறையின் பின்சுவரில்
பீப்பாய் வளையத்தை அறைந்தவர் ஒரேல் வுமார்.
கண்ணில் லென்ஸோடு நாளெல்லாம் குனிந்தவனுக்கு
மாலையில் அண்ணாந்து பார்க்க ஏதாவது வேண்டும் என்றாராம்.
ஃப்ரீ த்ரோவை இரண்டு கையாலும்
வாளித் தண்ணீரை வீசுவதுபோல் கீழிருந்து எறிவார்.
சிரித்தார்கள்.
உள்ளே விழுந்தது.
அறுபத்து நாலில் சிரிப்பதற்கு யாரும் இல்லை.

எழுபத்தெட்டில் அணி தொழில்முறை ஆனது,
அதாவது, ஒரே ஒருவருக்குச் சம்பளம்.
வெண்டெல் பிராக்ஸ்டன், ஒஹாயோ.
ஒரு பழைய ஃபியட், இறைச்சிக் கடைக்கு மேலே ஓர் அறை.
கட்டில் போதாமல் முதல் மாதம் தரையில் படுத்தார்.
அவர் பந்தை அறைந்து பலகை பிளந்த இரவில்
ஆட்டம் நாற்பது நிமிடம் நின்றது.
தச்சர் க்னேகி ஏணியில் நிற்க
ஒவ்வோர் ஆணிக்கும் கூட்டம் கைதட்டியது.
குவார்ட்ஸ் வந்து ஆலைகள் மூடிய வருடங்கள்.
வேலை போனவர்கள் வாடகையைத் தள்ளிப்போட்டு
சனிக்கிழமை டிக்கெட்டை வாங்கினார்கள்.

நான் எண்பத்தாறில் வந்தேன்.
பருத்தித்துறை, கொழும்பு, கிழக்கு பெர்லின், பீல்.
முதலில் தட்டுக் கழுவல். பிறகு,
மிச்சமிருந்த ஆலையில் முள் பொருத்தும் வேலை.
இவனுக்குக் கை நடுங்காது என்று யாரோ சொல்ல
ஆட்ட மேசையில் கடிகாரத்துக்கு உட்கார வைத்தார்கள்.
ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்பு.
என் விசா யாருடைய மேசையிலோ கிடந்தது.
அவர்களுடைய நேரம் என் விரலில்.

ஸ்லாவ்கோ ப்ரெசோவிச் வந்தது தொண்ணூற்றிரண்டில்,
பின்னால் ஊர் எரிந்துகொண்டிருக்க.
ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் மண்டபத்தின் தொலைபேசியில்
நாணயங்களோடு நிற்பார். அடுத்து நான், என் நாணயங்களோடு.
அவர் ஊரில் எடுத்தால் அன்றைக்குப் பத்துப் புள்ளி.
எடுக்காத நாளில் முப்பது.
என் ஊரில் தொலைபேசியே இல்லை,
நான் கொழும்பில் ஒரு மளிகைக் கடையை அழைத்தேன்.

தொண்ணூற்று நாலு, மே, இறுதி ஆட்டம்.
ஜெனீவாக்காரர்களுக்கு ஒரு புள்ளி கூட.
எங்களுக்கு ஒரு விநாடி மீதம்.
கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து வந்தது.
ஸ்லாவ்கோ பிடித்தார்,
ஒரு தட்டு, ஒரு திரும்பல், ஒரு தாவல்.
சங்கு ஊதும்போது பந்து காற்றில்.
பிறகு வலையில்.
பிறகு எதுவும் கேட்கவில்லை.
வெள்ளை முடியோடு வுமார் ஒரு நாற்காலியின்மேல் நின்று அழுதார்.

ஒரு விநாடியில் அத்தனை நடக்காது.
முள் பொருத்துகிறவனுக்குத் தெரியும்:
அந்தச் சக்கரம் விநாடிக்கு எட்டு முறை ஆடும்.
அவர் பிடித்ததை என் கண் பார்த்தது.
ஆறு ஆட்டம் கழிந்த பிறகே
விரல் பச்சையை அழுத்தியது.
வேண்டுமென்றா என்று கேட்காதீர்கள்.
முப்பது வருடமாக நானே கேட்டுப் பார்க்கிறேன்,
ஒரு நாள் ஆம் என்கிறது, ஒரு நாள்
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்கிறது.

நடுவருக்குத் தெரியவில்லை. தாளில் ஏறிவிட்டது.
பாலான்சியேயின் ஒரே கோப்பை.
இரண்டாயிரத்து ஒன்பதில் கடனில் மூழ்கியபோது
அதையும் ஏலத்தில் யாரோ எடுத்துப் போனார்கள்.
மண்டபத்தில் இப்போது டயர் விற்கிறார்கள்.

ஸ்லாவ்கோ நகரப் பேருந்து ஓட்டுகிறார்,
இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி.
அந்த இரவைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.
நான் மூச்சிரைக்க ஓடி வரும் காலைகளில் மட்டும்,
நேரமாகிவிட்டது என்று எல்லாரும் முணுமுணுக்க,
கதவை மூடும் பொத்தானில் விரலை வைத்தபடி
அழுத்தாமல் இருக்கிறார்.